பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது போதும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகள்தானே, இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் அண்ணன் வீட்டில் பேத்திக்குக் காது குத்தினார்கள். பந்தியில் அண்ணன் உட்கார்ந்து, இலையில் வைத்த வடையைக் கடித்துச் சாப்பிட்டார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நாலு வருஷமாக அவர் எந்த விசேஷத்திலும் பந்தியில் உட்காரவில்லை. "எனக்குப் பசியில்ல, நீங்க சாப்புடுங்க" என்று வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சுகருக்குப் பயந்து ஒதுங்குகிறார் என்றே சொந்தக்காரர்கள் நினைத்தோம். உண்மையில் அவர் வாயில் மெல்லுவதற்குப் பல் இல்லை. இருந்த ஏழெட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அந்த வாயை நாலு பேர் முன்னால் திறக்க வெட்கம்.

அண்ணன் பதினாலு வயதில் தறிக்குழியில் இறங்கியவர். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்து அறுப்பது பழக்கம். தூக்கம் வராமல் இருக்க வெற்றிலையோடு புகையிலை. அவர் நெய்த பட்டைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணமேடையில் சிரித்திருப்பார்கள். நெய்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது.

வலி வந்தபோதெல்லாம் கிராம்புத் தைலம். அது கேட்காவிட்டால் மெடிக்கலில் ஒரு மாத்திரை. அண்ணி சோற்றை மிக்ஸியில் அடித்துக் கொடுத்தார்கள். கேழ்வரகுக் களியை மட்டும் மென்று தின்னத் தேவையில்லை என்பதால் அப்படியே விழுங்கினார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனார். "வயசாயிடுச்சி இல்ல பாப்பா" என்பார் என்னிடம். அறுபது தாண்டிய என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிட இருப்பவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் இழுத்துக்கொண்டு போய்த் தனியார் பல் மருத்துவரிடம் காட்டினேன். எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட்டுப் பல் வைக்க 35,000 ரூபாய் ஆகும் என்றார். அந்த மருத்துவர் மேல் எனக்குக் குறை இல்லை. வாடகை, இயந்திரம், படித்த கடன் எல்லாம் அவருக்கும் இருக்கும். ஆனால் அண்ணன் வெளியே வந்ததும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எத்தனை சேலை நெய்த கூலி அது என்று. எண்ணி முடித்ததும், "பல்லு இல்லாம செத்தவன் எவனும் இல்ல பாப்பா" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார். நான் கொடுக்கிறேன் என்றால் வாங்க மாட்டார். தங்கச்சி காசில் பல் கட்டினான் என்ற பேச்சு வரக்கூடாதாம்.

அரசு மருத்துவமனை ஒன்றுக்கும் போனோம். பல் மருத்துவர் இருந்தார், நல்ல பெண். நாற்காலி பழுதாகிச் சில வாரமாம். "ஆடுற பல்லைப் பிடுங்கி அனுப்பலாம்மா, செட்டு கட்டிக் கொடுக்க இங்க வசதி இல்ல" என்றார். பிடுங்கிய பிறகு எதை வைத்துச் சாப்பிடுவார் என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டது. அதுவும் என்ன செய்யும், பாவம்.

அப்போதுதான் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இன்று செவிலியராக இருக்கும் ஒரு பெண் சொன்னாள்: "டீச்சர், பாண்டிக்குப் போங்க. கோரிமேட்டுல கவர்மென்ட் பல் ஆஸ்பத்திரி இருக்கு. நம்ம பக்கத்து ஜனங்க நிறைய பேர் அங்கதான் போறாங்க."

வேலூர் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மக்கள் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிற பெரிய மருத்துவமனை நமக்கு ஒரு மணி நேரத் தூரம். ஆனால் வேலூரிலும் திருவண்ணாமலையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. தமிழ்நாட்டில் அரசின் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும், 2023இல் திறந்த புதுக்கோட்டையிலும்தான். மாணவர்கள் படிக்கிற அரசு இடத்தில்தான் செலவு குறையும். சந்தவாசலிலிருந்து பார்த்தால் சென்னையும் தூரம், புதுச்சேரியும் தூரம். புதுச்சேரியில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரம் குறைவு. அண்ணன் முழங்காலுக்கு அதுவே பெரிய விஷயம்.

விடியற்காலை வேலூரிலிருந்து வரும் பஸ்ஸை சந்தவாசலில் பிடித்து திருவண்ணாமலை. அங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகும் பாண்டிச்சேரி பஸ். செஞ்சிக் கோட்டையைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அத்தனை வயதில் முதல் முறை பார்க்கிறார். "ராஜாவுக்குப் பல்லு வலிச்சா யார்கிட்ட போயிருப்பாரு?" என்று கேட்டார். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

கோரிமேட்டில் எல்லை. நம் பஸ்ஸை யாரும் நிறுத்துவதில்லை. வரிசையாக ஒயின் ஷாப்பும் சிவப்புத் தொப்பிப் போலீசும் தெரிந்தால் புதுச்சேரி வந்துவிட்டது என்று அர்த்தம். 1954 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி, சுங்கச் சோதனை எல்லாம் உண்டு. இப்போது எல்லை ஒரு பலகை மட்டும்தான். அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறவர்களைப் பற்றி நம் ஊரில் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்கள். அண்ணனும் அதையே சொன்னார்: "எல்லாரும் குடிக்கப் போறான், நாம கடிக்கப் போறோம்."

ஜிப்மர் நிறுத்தத்தில் இறங்கினோம். அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது மகாத்மா காந்தி பட்டமேற்படிப்பு பல் மருத்துவ அறிவியல் நிறுவனம். புதுச்சேரி அரசு நடத்துவது. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நின்றபோது காதில் விழுந்த ஊர்ப் பெயர்கள்: மரக்காணம், வந்தவாசி, விழுப்புரம், செஞ்சி. பாதிப் பேர் எங்களைப்போல எல்லை தாண்டி வந்தவர்கள் மாதிரித்தான் இருந்தது.

படிக்கிற பிள்ளைகள்தான் முதலில் பார்க்கிறார்கள். பிறகு பெரிய டாக்டர் வந்து சரிபார்க்கிறார். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு என்று எனக்குத் தோன்றியது. பற்களைப் பார்த்துவிட்டு, கன்னத்தின் உள்பக்கத்தை விரலால் இழுத்து விளக்கு அடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஐயா, இந்த வெள்ளைத் திட்டு எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டாள்.

எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை நான் தூங்கவில்லை. புற்று இல்லை என்று வந்தது. ஆனால் புகையிலையை விடாவிட்டால் அப்படி மாறக்கூடிய திட்டு என்று பெரிய டாக்டர் சொன்னார். அண்ணன் அன்றைக்கு ஜிப்மர் வாசலிலேயே இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அதன் பிறகு இரண்டு முறை தவறினார், அண்ணி பிடித்துவிட்டார்கள். இப்போது இல்லை.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதரின் வாய்க்குள் அதுவரை ஒரு மருத்துவரும் விளக்கு அடித்துப் பார்க்கவில்லை. பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், கண்புரைக்கு முகாம் நடத்தி வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். வாயை மட்டும் யாரும் திறக்கச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பல்லை நாம் உடம்போடு சேர்ப்பதே இல்லை.

நாம் மட்டுமில்லை, உலகமே அப்படித்தான் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பையன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தபோது பார்க்க வந்தான். அண்ணன் கதையைச் சொன்னேன். சிரித்தான். "டீச்சர், நானும் அதே கதைதான். ஞாயித்துக்கிழமை 170 பஸ் ஏறி ஜொகூர் பாரு போய்த்தான் ரூட் கேனல் பண்ணேன்" என்றான். உட்லண்ட்ஸில் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, மறுபடி பஸ் ஏறி, 1924இல் திறந்த அந்தக் கடல் பாலத்தைக் கடந்து, மலேசியாவில் மறுபடி இறங்கி இன்னொரு வரிசை. பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். கூட்டமான நாளில் அதற்கே இரண்டு மணி நேரம் ஆகுமாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா போக விசா தேவையில்லை என்றான பிறகுதான் அவனுக்கு இந்த வழி திறந்தது. சிங்கப்பூர் அரசு தன் குடிமக்களுக்குப் பல் வைத்தியத்துக்கு உதவித்தொகை தருகிறது. ஒப்பந்தத்தில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

அமெரிக்காவில், சான் டியாகோ நகரத்தில் 1981இல் ஓட ஆரம்பித்த டிராம் வண்டி மெக்சிகோ எல்லை வரைக்கும் போகிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் டிஹுவானா. பல் வைத்தியத்துக்காக அப்படி நடந்து போகிற அமெரிக்க முதியவர்கள் ஏராளம். அந்த நாட்டில் முதியோருக்கென்று 1965இல் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டில் இதயம் உண்டு, சிறுநீரகம் உண்டு, சாதாரணப் பல் வைத்தியம் இல்லை. இங்கிலாந்தில் 1948இல் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்று தொடங்கினார்கள். பணம் பற்றவில்லை என்றதும் 1951இல் முதலில் கை வைத்தது எதில் தெரியுமா? செட்டுப் பல்லிலும் மூக்குக் கண்ணாடியிலும். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் பெவன் அதைப் பொறுக்காமல் பதவியையே விட்டார்.

வீட்டுக்கணக்கும் இதே மாதிரிதான். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் தள்ளிப்போடுவது வீட்டிலுள்ள பெரியவர்களின் பல். உலகத்தில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. இத்தனை பேருக்கு வருகிற நோயை நாம் அழகு சம்பந்தப்பட்ட விஷயம்போல ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

எல்லை தாண்டுவதைப் பெரிய சாமர்த்தியமாகவும் சொல்ல மாட்டேன். கணக்கு வாத்தியாராகவே சொல்கிறேன். மொத்தம் ஏழு முறை போனோம். பல் எடுக்க, புண் ஆற விட்டு அளவெடுக்க, கடிவாய் பார்க்க, மெழுகில் வைத்துப் பார்க்க, செட்டு வாங்க, ஈறு உரசுகிற இடத்தைத் தேய்க்க. ஒவ்வொரு முறையும் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினோம். ஏழு நாள் தறி ஓடவில்லை. மகளிருக்கு இலவசம் என்பது சாதாரண டவுன் பஸ்ஸோடு சரி, இந்த பஸ்ஸில் நானும் டிக்கெட் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் தனியார் கேட்டதில் கால்வாசி ஆனது. அந்தக் கால்வாசியிலும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததைவிட பஸ்ஸுக்குக் கொடுத்ததுதான் அதிகம். இரவில் வலி வந்தால் டாக்டர் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். துணைக்கு வர ஓய்வு பெற்ற தங்கை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? சிங்கப்பூர்ப் பையனுக்கும் மாட்டிய கேப் மூன்றாம் மாதம் கழன்றுவிட்டது. மறுபடி பாலம், மறுபடி வரிசை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பையன் போனது நாணய மதிப்புக்காக. ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது, அதனால் அவனுக்கு மலிவு. அவன் கொடுக்கிற காசு அங்கே ஒரு மருத்துவருக்கு வருமானம். நாங்கள் போனது அப்படியில்லை. எங்களுக்கு மலிவாக இருந்ததற்குக் காரணம், புதுச்சேரி அரசு தன் மக்களுக்காகச் செலவு செய்து ஒரு கல்லூரியை 1990லிருந்து நடத்துகிறது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு உள்ளூர் அம்மா, "எல்லாரும் அங்கிருந்தே வந்துட்டா நாங்க எங்க போறது?" என்று முணுமுணுத்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மா சொன்னதில் தப்பு இல்லை. நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்து வீட்டில் பிடிக்கிறோம். அவர்கள் தடுக்காதது அவர்கள் பெருந்தன்மை. நம் குழாயைச் சரிசெய்யச் சொல்வது நம் கடமை.

நம்மால் முடியாத காரியமா அது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அண்ணனுக்கும் வருகிறது. அந்த ஊழியர் ஒரு டார்ச் விளக்கை அடித்து, "வாயைத் திறங்க ஐயா" என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும். வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருந்தால் சீட்டு எழுதி அனுப்பலாம். புகையிலை போடும் ஊர்களில் இது ஆடம்பரமே இல்லை. சுகர் இருந்தால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகர் கட்டுக்குள் நிற்காது. ஒன்றுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து இன்னொன்றைப் பார்க்காமல் விடுவது பாதி வைத்தியம்.

இரண்டாவது, தாலுகா மருத்துவமனையில் ஓடுகிற நாற்காலி ஒன்றும், செட்டுப் பல் கட்டத் தெரிந்த டெக்னீஷியன் ஒருவரும் வேண்டும். பல் மருத்துவருக்குப் பஞ்சமே இல்லை. இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகள் 300க்கும் மேல். படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். என் மாணவிகளிலேயே ஒருத்தி பல் மருத்துவம் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறாள்.

மூன்றாவது, காப்பீடு. எனக்கு ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். மருத்துவமனையில் படுத்தால்தான் அது உதவும். பல்லுக்காக யார் போய்ப் படுக்கிறார்கள்? வேர் சிகிச்சையையும் முதியோர் செட்டுப் பல்லையும் அதில் சேர்க்கச் சொல்லி ஓய்வூதியர் சங்கத்தில் மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர், "டீச்சர், எனக்கும் இந்தப் பக்கம் ரெண்டு ஆடுது" என்று வாயைத் திறந்து காட்டினார்கள். அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அதுவரை என்ன செய்வது? வலிக்கிறவர்கள் காத்திருக்க வேண்டாம். எல்லை தாண்ட வேண்டியிருந்தால் தாண்டுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று போகாதீர்கள். எத்தனை முறை வர வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டை எடுத்துப் போங்கள், ரத்தம் இளகுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயையும் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். திரும்பி வரும்போது துணைக்கு ஒருவர் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாரம் தவறாமல் வீடியோவில் அப்பா அம்மாவைப் பார்க்கிறீர்கள். "சாப்டீங்களா?" என்று கேட்கிறீர்கள். சாப்பிட்டோம் என்றுதான் சொல்வார்கள். இனிமேல் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். தொடர்ந்து கஞ்சியும் ரசஞ்சோறும் என்றே பதில் வந்தால், முறுக்கு பிடிக்காமல் போய்விட்டது என்றால், சிரிக்கும்போது கை வாய்க்குப் போனால், புரிந்துகொள்ளுங்கள். நான் புரிந்துகொள்ள நாலு வருஷம் ஆனது. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே.

காது குத்து முடிந்த மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். செட்டுப் பல்லுக்குக் கடினமானது வேண்டாம் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா என்று அதட்டினேன்.

"வெந்ததுதான் பாப்பா, இந்தா, நீயும் தின்னு" என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தார். சிரித்தார். கை வாய்க்குப் போகவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்,
சந்தவாசல்